வசிப்போர் குழுவினருக்கு ஒரு மடல்: அம்மா ஏன் மாத்திரையை நிறுத்தினார்?

மதிப்பிற்குரிய வசிப்போர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூத்தோருக்காகத் தமிழில் நடந்த சுகாதார உரையைப் பற்றி எழுதுகிறேன். ரத்தக் குழாய் துருப்பிடிப்பதால்தான் பிரஷர் ஏறுகிறது, ஆன்டிஆக்சிடன்ட் அந்தத் துருவைத் தடுக்கும் என்று யார் பேசினார், முடிவில் மேசை போட்டு என்ன விற்றார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது தெரிந்திருக்காது.

அம்மாவுக்கு 71 வயது. 12 வருடமாகப் பிரஷருக்கு லோசார்ட்டன் சாப்பிடுகிறார். உரை கேட்ட மறுநாளே அதை நிறுத்திவிட்டு, 160 வெள்ளி கொடுத்து வாங்கிய ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூலைச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரை அட்டைகளெல்லாம் பழைய மைலோ டின்னுக்குள் கிடந்தன. மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலையில் தலை வெடிக்கிறது என்று என்னை எழுப்பினார். கருவியில் 204/112 என்று வந்தது. நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. 995க்கு அழைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரத்தக் குழாய் துருப்பிடிக்கக் கூடாதுன்னுதானே வாங்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லவேளை, இப்போது நலமாக இருக்கிறார்.

வீடு திரும்பியதும், ஏன் நம்பினீர்கள் என்று கேட்டேன். "என் வியாதியை எனக்குப் புரியுற மாதிரி சொன்னது அந்த ஆள் மட்டும்தான்" என்றார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. 12 வருடமாக மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வார். நானோ தம்பியோ, "உப்பைக் குறைக்கணுமாம், மாத்திரையை விடக் கூடாதாம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவோம். ஏன் என்று அம்மா யாரிடம் கேட்பார்?

அந்தப் பேச்சாளர் சொன்னதில் பாதி உண்மை. என் கோபமே அதனால்தான். உடலில் ஆஞ்சியோடென்சின் என்ற, ரத்தக் குழாயை இறுக்கும் ஹார்மோன் கூடும்போது ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஒரு நொதி தூண்டப்பட்டு, சூப்பராக்சைடு என்ற, தீங்கு செய்யும் ஆக்சிஜன் வகை உண்டாகிறது. அவர் துரு என்றது இதைத்தான். குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது அழித்துவிடுகிறது. குழாய் இறுகுகிறது, பிரஷர் ஏறுகிறது. அமெரிக்காவில் கேத்தி கிரீண்ட்லிங், டேவிட் ஹாரிசன் போன்ற ஆய்வாளர்கள் 1990களிலிருந்து இதைப் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். ஆனால் லோசார்ட்டன் தடுப்பதே அந்த ஆஞ்சியோடென்சினின் வேலையைத்தான் என்று பேச்சாளர் சொல்லவில்லை. சூப்பராக்சைடு உண்டாகும் இடத்திலேயே போய்த் தடுக்கும் மாத்திரையை மைலோ டின்னுக்குள் போட்டுவிட்டுத்தான் அம்மா கேப்சூல் சாப்பிட்டிருக்கிறார்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹோப்' ஆய்வைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. இதயநோய் ஆபத்து அதிகமுள்ள 9,500க்கும் மேற்பட்டோரில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ என்ற ஆன்டிஆக்சிடன்ட், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று சுமார் நாலரை ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமினால் மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கும் ராமிப்ரில் என்ற மருந்தையும் அதே ஆய்வில் கொடுத்தார்கள். அதில் இரண்டும் குறைந்தன.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: தமிழ் பேசும் ஒரு மருத்துவரையோ மருந்தாளரையோ அழைத்து எங்கள் பெற்றோரிடம் பேசச் சொல்லுங்கள். விற்பனை மேசை வேண்டாம்.

தீபாவளி ஒன்றுகூடலுக்குத் தமிழ் இருக்கிறது, பொங்கலுக்குத் தமிழ் இருக்கிறது. நோய் என்று வந்தால் மட்டும் ஒரு துண்டறிக்கையோடு நின்றுவிடுகிறது. அந்தத் துண்டறிக்கையை நானே இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது. சிங்கப்பூரில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. நம் புளோக்கில் எத்தனை மைலோ டின் இருக்கிறதோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு அந்த உரைக்கு ஏற்பாடு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வேலை செய்பவர்கள் நீங்கள். அந்த உரைக்கு வந்தவர்களையே தயவுசெய்து மறுபடியும் அழையுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று தமிழில் சொல்ல, விற்க எதுவும் இல்லாத ஒருவரை அழைத்து வாருங்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள், நாற்காலி போட நானும் தம்பியும் வருகிறோம். அம்மா முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
எட்டாவது மாடியில் வசிக்கும் ஒரு மகள்