1962 போர் அறிக்கை: ஆட்சி மாறியும் திறக்காத கோப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1962 அக்டோபர் 20 அன்று தொடங்கி ஒரே மாதத்தில் முடிந்த சீனப் போரில் நமக்கு ஏற்பட்ட தோல்வியை ஆராய்ந்து, லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963இல் அளித்த அறிக்கை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் பூட்டியே கிடக்கிறது. வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், "அந்தப் போரில் தவறு யாருடையது, ஐயா?" என்று மாணவர்கள் கேட்டபோதெல்லாம், நம் அரசின் ஆவணம் ஒன்றையும் எடுத்துக் காட்ட முடியாமல் நின்ற வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

காங்கிரஸ் அரசுகள் இந்த அறிக்கையை மறைத்தே வைத்தன. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைக் கேட்டுப் போராடியும் மத்திய தகவல் ஆணையம் 2010இல் மறுத்துவிட்டது. அறிக்கையில் உள்ளவை இன்றும் ராணுவ நடவடிக்கைகளோடு தொடர்புடையவை என்று அதே ஆண்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கூறினார். 2014 மார்ச்சில் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர், தம்மிடம் இருந்த ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி, பழைய ஆவணங்களைக் காலவரையின்றி மக்களிடமிருந்து மறைத்து வைப்பது சரியா என்று பகிரங்கமாகக் கேள்வி எழுப்பி எழுதினார். அதைப் படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மே மாதம் ஆட்சி மாறியது, அவரே பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். ஜூலையில் அதே மாநிலங்களவையில் அவர் தந்த எழுத்துபூர்வமான பதில், இது மிக ரகசிய ஆவணம் என்றும், இதை முழுமையாகவோ பகுதியாகவோ வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்றும் இருந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் அறிக்கையின் ஓர் எழுத்தும் மாறவில்லை. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பேசியதை அமைச்சர் நாற்காலியில் அமர்ந்ததும் கைவிடும்போது, அதற்கான காரணத்தையாவது மக்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கம் இன்றுவரை வரவில்லை.

எல்லைத் தகராறு தீராத நிலையில் சில பக்கங்களை மறைக்க வேண்டியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழு, 1999 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகளை நீக்கிவிட்டு, வாஜ்பாய் அரசு 2000 பிப்ரவரியிலேயே அதை நாடாளுமன்றத்தில் வைத்தது. அதனால் நாட்டுக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை. 1962 குறித்த விசாரணையோ வீரர்களின் பயிற்சி, தளவாடங்கள், கட்டளை முறை, உடல்தகுதி, தளபதிகளின் திறன் ஆகியவற்றைப் பற்றியது என்று அன்றைய அமைச்சர் ஒய்.பி.சவாண் 1963இலேயே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறார். பனி மலையில் பழைய 303 துப்பாக்கியோடு நம் வீரர்கள் நிறுத்தப்பட்ட கதையை மறைப்பதால் இன்று எந்த எல்லை காக்கப்படுகிறது?

இந்தப் பழக்கம் 1962ஓடு நின்றுவிடவில்லை. 2020 ஜூன் 15 இரவு லடாக் எல்லையில் உள்ள கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் ஒருவரும் அவர்களில் இருந்தார். நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று சில நாட்களில் பிரதமர் கூறினார். ஆனால் மே மாதத்திலேயே சீனர்கள் அத்துமீறியதைக் குறிப்பிட்ட ஆவணம் ஒன்று ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் இடம்பெற்று, செய்தியானதும் நீக்கப்பட்டது. நீக்கியது ஏன் என்று கேட்கும் உரிமை அந்த இருபது குடும்பங்களுக்கு இல்லையா?

போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்தலாம் என்ற கொள்கைக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அதன்படி ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை, தேவையான நீக்கங்களுடன், வரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே அவையில் வைக்க வேண்டும். நீக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இருபது வயதில் அந்தப் போரில் நின்றவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் படிக்கும்படியாக அது வெளிவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேலூர்.