விருப்பப் படிவத்தை நிரப்பும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மேற்படிப்பு விருப்பப் படிவத்தை இந்த வாரம் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். போன ஆண்டு வந்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் முதல் விருப்பம் கணினி அறிவியல்தான். சிலவற்றில் இருந்த கையெழுத்து நிச்சயமாகப் பிள்ளையுடையது அல்ல.

கணினி நல்ல படிப்புதான். ஆனால் ஒரு பழைய கதை சொல்லிவிடுகிறேன். 2005 வாக்கில் ஒரு தந்தை, மகனைக் கணினிப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டு வந்தார். "அந்த அலை ஓய்ந்துவிட்டது, வேறு ஏதாவது பாருங்கள்" என்றேன். அன்றைய செய்தித்தாளை வைத்துச் சொன்ன பதில் அது. பையன் வேலை தேடப்போவது நான்கு ஆண்டு கழித்து என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் மட்டும் அப்படி இல்லை போலிருக்கிறது. அமெரிக்காவில் 2004இல் ஏறத்தாழ 60,000 பேர் கணினியில் இளங்கலைப் பட்டம் பெற்றார்கள். இணைய நிறுவனங்கள் சரிந்த செய்தியைப் பார்த்து மாணவர்கள் விலக, 2009இல் அது 40,000க்கும் கீழே போனது. 2022இலோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லாரும் வெளியேறிய நேரத்தில் உள்ளே போனவர்களுக்குத்தான் அடுத்து வந்த நல்ல காலம் வாய்த்தது. அதற்காகக் கூட்டமில்லாத பாடமாகத் தேடிச் சேருங்கள் என்று சொல்லவில்லை, அதுவும் சூதாட்டம்தான்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. அதே நாட்டில் 1984 வாக்கில் கணினிப் பட்டம் பெற்றவர்களில் 37 சதவீதம் பெண்கள். 2010 வாக்கில் அது 18 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பெண்களின் மூளையா மாறியது? "இது பையன்களுக்கானது" என்ற பேச்சுதான் இடையில் வளர்ந்தது. வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம்.

அப்புறம், ஆசிரியர் பயிற்சி. அமெரிக்காவில் 1971இல் கல்வியியலில் பட்டம் பெற்றவர்கள் 1,76,000 பேர். 2022இல் 90,000 கூட இல்லை. இத்தனைக்கும் மொத்தப் பட்டதாரிகள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறார்கள். ஆசிரியர் கிடைக்காமல் அலையும் தலைமையாசிரியரின் புலம்பல் என்று வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். எழுத நினைக்கும் படிப்பின் முதலாண்டுப் பாடத்திட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். உளவியல் என்றால் மனிதரோடு பேசிக்கொண்டிருப்பது என்று நினைத்துச் சேர்ந்து, புள்ளியியலைக் கண்டு மிரண்டவர்கள் உண்டு. கணினியை எடுத்துவிட்டுக் கணிதம் இவ்வளவு இருக்குமா என்று திகைத்தவர்களும் உண்டு. பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகும் பிள்ளை அதையே கேட்டால், எழுதட்டும்.

இரண்டாவது விருப்பத்தையும் காலியாக விடாதீர்கள். முதலாவதைவிட அதில்தான் பிள்ளையின் சொந்த ஆசை தெரிகிறது என்பது என் அனுபவம். வீட்டில் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு விருப்பங்களையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்களையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசலாம்.

படிவத்தைப் பிள்ளையே தன் கையால் நிரப்ப வேண்டும். உங்கள் கையெழுத்து கடைசி வரியில் மட்டும் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்