விக்டோரியா காலக் கிராமப் பள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பழைய கிராமப் பள்ளிக் கட்டடங்கள் எல்லாமே 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் எழுந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமைத்த, இங்கிலாந்துத் திருச்சபையின் நேஷனல் சொசைட்டி என்ற சங்கம் 1811-லேயே தொடங்கிவிட்டது. 1833 முதல் அரசும் கட்டட மானியம் தந்தது. 1870-க்குப் பின் உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள் எழுப்பிய வாரியப் பள்ளிகள், பள்ளியில்லாத இடங்களை நிரப்பியவை.

ஒரு கட்டடத்தின் கதையை அறிய, தலைமையாசிரியரின் நாட்குறிப்பேடுதான் முதல் ஆதாரம். 1862-ஆம் ஆண்டு விதிகளின்படி பள்ளிக்கு அரசு தந்த மானியம், ஒரு பிள்ளைக்கு வருகைக்காக 4 ஷில்லிங், தேர்வுக்காக 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினாலும் அந்த மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். அறுவடைக் காலத்தில் பெஞ்சுகள் காலியானதை ஆசிரியர்கள் அத்தனை கவலையோடு பதிந்ததற்கு இதுவே காரணம். கொடிய முறை அது.

பராமரிப்பில் நடக்கும் பெரிய தவறு, செங்கற்களுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து இருந்த இணைப்புகளில் சிமென்ட் பூசுவது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கல்லிலேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து விரிய, செங்கல்லின் முகம் பெயர்ந்து விழுகிறது. மறுபூச்சுக்குச் சுண்ணாம்புச் சாந்தே வேண்டும்; பழைய சாந்தை அறுப்பு இயந்திரத்தால் அல்ல, கை உளியால் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டட ஆர்வலர்கள்