ஒரே வளாகத்தில் இரண்டு கோவில்

அன்புள்ள தம்பிக்கு,

"இந்தக் குளிரில் அந்தப் பட்டிக்காட்டில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று போனில் கேட்டாய். பேசினால் பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்வாஃபம் பிரையர், கேம்பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய சின்ன ஊர். மேட்டில், ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் இரண்டு பெரிய கிறிஸ்தவக் கோவில்கள் நிற்கின்றன. இரண்டுமே இடைக்காலத்தில் எழும்பியவை. அந்தக் காலத்தில் அந்த ஊருக்குள்ளேயே இரண்டு பங்குகள், அதாவது தனித்தனிக் கோவிலும் சாமியாரும் உள்ள இரண்டு சபைகள். 1667-ல் அவற்றை ஒன்றாக்கினார்கள். பங்கு ஒன்றானது, கட்டடம் இரண்டாகவே இருந்தது. அத்தனை சின்ன ஊர் இரண்டையும் எப்படிக் காப்பாற்றும்?

இரண்டில் ஒன்று மாதா கோவில், மரியாளுடையது. 1779-ல் அதன் கோபுரத்தில் இடி விழுந்தது. அதைக் கைவிட்டு, பக்கத்துக் கோவிலின் பழைய கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 1800களின் தொடக்கத்தில் புதிதாகக் கட்டினார்கள். சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சுமார் நூறு வருஷத்துக்குள் மாதா கோவிலையே பழுதுபார்த்து அங்கே திரும்பிவிட்டார்கள். இப்போது பூசை அங்கேதான். மற்றது காலி, ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

இன்ஜினியர் நீ, கோபுரங்களைக் கட்டாயம் பார்க்கவேண்டும். மாதா கோவிலுடையது நார்மன் காலத்தில், 11-12-ஆம் நூற்றாண்டு வாக்கில், தொடங்கியது: அடியில் சதுரம், மேலே எண்கோணம், அதற்கும் மேலே பதினாறு பட்டை. மற்றது 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவும் சதுரத்திலிருந்து எண்கோணமாகிறது. அண்டை வீட்டாரோடு போட்டி போட்டுக் கட்டியதாகத்தான் எனக்குத் தோன்றும்.

அந்தக் காலிக் கோவில் சிரியாக், ஜூலிட்டா என்ற புனிதர்களுடையது. சின்னஞ்சிறு பிள்ளையும் தாயுமாக வேதசாட்சிகளாக, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து, இறந்தவர்கள். உள்ளே வெள்ளைச் சுவரும் வெளிச்சமும்தான். நான் அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதற்கென்று கேட்காதே.

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது மாதா கோவிலின் ஜன்னல்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் ஊர்ப் பண்ணையார் அல்லிக்ஸ் வைத்தவை. வண்ணக் கண்ணாடியில் சம்மனசுகளை, அதான் தேவதூதர்களை, எதிர்பார்த்துப் போனால் செப்பலின் என்ற போர் வான்கப்பல், டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல் எல்லாம் இருக்கின்றன! கூடவே வேத வசனங்களும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, கோவிலில் பீரங்கியா என்று. அப்புறம் போரில் செத்த அந்த ஊர்ப் பையன்களின் பெயர்களைப் படித்தேன். அவர்களைப் பெற்றவர்கள் ஞாயிறுதோறும் அந்த ஜன்னல்களுக்கு முன்னால்தானே முழந்தாளிட்டிருப்பார்கள்? பிள்ளை எதற்குள் போய்ச் செத்தான் என்று அவர்களுக்குக் காட்டியவர் வேறு யார்? அழகாக இல்லைதான். ஆனால் ஒளிக்கவில்லை.

வெளியே கல்லறைகளுக்கு நடுவே கவிஞர் எட்வின் மியூரும் இருக்கிறார், 1959-ல் இறந்தவர். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்காரர், கடைசியில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

டிசம்பரில் வரும்போது கூட்டிப்போகிறேன். கம்பளி சாக்ஸ் எடுத்துவா. தரை கல், குளிர் காலிலிருந்துதான் ஏறும். மருமகளிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அம்மா