மகள் படிக்கட்டும், மல்லிகா

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதத்தில் மற்றச் செய்திகளை ஒருமுறை படித்தேன். மகளைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் பலமுறை படித்தேன். முப்பது வயதில், கையில் பிள்ளையோடு தனியாக நிற்பவளுக்கு இனிப் படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். கேட்கட்டும். அவள் படிக்கட்டும். என் அண்ணன் மகளும் இதே நிலையில் தொடங்கி, இன்று பட்டப்படிப்பின் இறுதி ஆண்டுக்கு வந்துவிட்டாள். அவளோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மட்டும்தானே இருக்கிறது என்று தயங்க வேண்டாம். 21 வயது கடந்தவர்கள் வேலை அனுபவத்தைக் காட்டி, தேர்வும் எழுதி, இளங்கலைப் படிப்பில் சேர ஏப்பல் என்றொரு வழி உண்டு. கட்டணத்துக்கு முதலில், அரசாங்கத்தின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடன். வட்டிக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம்தான். விண்ணப்பிக்கும்போது வயது 45-ஐத் தாண்டியிருக்கக்கூடாது. உன் மகளுக்கு அது தடையே இல்லை. அந்தக் கடனுக்குத் தேவையான எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கை இப்போதே திறந்துவிடச் சொல். எல்லாப் படிப்புக்கும் கடன் கிடைத்துவிடாது. தான் சேரும் படிப்புக்கு, அதுவும் பகுதி நேரமாகப் படித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். குறைகிற தொகைக்கு ஊழியர் சேமநிதி இருக்கிறது. 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் செஜாத்தெரா கணக்கிலிருந்து சொந்தப் படிப்புக்கு எடுக்கலாம். முதுமைக்கு வைத்த பணம் என்பதால், அதில் கடைசியாகத்தான் கைவைக்க வேண்டும் என்பேன்.

ஆனால் அண்ணன் மகளை அழவைத்தது கட்டணம் அல்ல, காகிதம். கணவன் வீட்டைவிட்டுப் போய் வருடங்கள் ஆகியும் மணவிலக்குப் பதிவாகவில்லை. ஓர் உதவிக்கான படிவத்தில் அவனுடைய சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். ஆளே இல்லை என்றால், இல்லை என்பதற்குச் சான்று எங்கே என்றார்கள். சட்டத்தின் கண்ணில் அவள் ஒருவனின் மனைவி. அடுப்படியில் தனி ஆள். கணவனை இழந்தவளிடம் மரணச் சான்றிதழாவது இருக்கிறது. கைவிடப்பட்டவளிடம் என்ன இருக்கிறது? எனக்கு இன்னமும் ஆறவில்லை. உன் மகளின் வழக்கு முடிந்துவிட்டதா? இல்லையென்றால் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் அதைத் தொடங்கட்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை மணவிலக்கு வழக்கை எடுத்து நடத்துகிறது.

அடுத்தது பிள்ளை. ஏழைக் குடும்பம் என்று சமூக நல இலாகா ஏற்றுக்கொண்டால், பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். பாலுக்கும் பள்ளிச் சட்டைக்கும் அது உதவும். சனி, ஞாயிறு வகுப்புக்குத் தாய் போகும்போது பிள்ளையை யார் பார்ப்பது? நம் அம்மாக்கள் விடியுமுன்னே ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனார்கள் என்றால், நம்மை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தானே போனார்கள்! தோட்டத்தை விற்று, ஆட்களைக் கலைத்து, செம்பனை வைத்தபோது வீட்டோடு அந்தக் கொட்டகையும் போயிற்று. இந்த ஊரில் கோயில்களும் சங்கங்களும் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்குப் பரிசும் உதவித்தொகையும் கொடுக்கின்றன, நல்ல காரியம்தான். முப்பது வயதுத் தாயின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், தோட்டம் வாங்கப் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டிய அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. இங்கே வார இறுதியில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு பெண்களும் கிடைக்க மாட்டார்களா என்று கோயில் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்கிறார்களாம், விடப்போவதில்லை.

பள்ளி விடுமுறையில் மகளையும் பேரனையும் இங்கே அனுப்பு. பிறப்புச் சான்றிதழ், மைகார்டு அடையாள அட்டை, எஸ்.பி.எம். சான்றிதழ், சேமநிதி அறிக்கை, நீதிமன்றத் தாள் இருந்தால் அதுவும், எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வரட்டும். அண்ணன் மகள் கூட உட்கார்ந்து படிவங்களை நிரப்பித் தருவாள். உன் முட்டிவலிக்கு மருந்து எடுக்கிறாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
கமலா