முதலில் குரல், அப்புறம் பாட்டு: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஆண்டு விழாக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் ஆண்டு விழாக் குழுவினருக்கும் பள்ளி இசையாசிரியர்கள் சிலரின் வணக்கம்.

ஆண்டு விழா ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. மேடை, சிறப்பு விருந்தினர், உடை எல்லாம் முடிவான பிறகு, சேர்ந்திசைக்கான பாட்டுப் பட்டியல் ஒன்று இசையாசிரியர் கைக்கு வருகிறது. பெரும்பாலும் அந்த ஆண்டு ஊரெங்கும் ஒலித்த பாட்டுகள்தாம் அதில் இருக்கும். பிள்ளைகளின் குரலை யாரும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் குரலை அளந்து, அதற்குப் பொருந்தும் பாட்டை எடுங்கள் என்பதுதான் இந்த மடலின் வேண்டுகோள்.

குரலை அளக்க ஒரு கீபோர்டும் இரண்டு பீரியடும் போதும். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளை C-யிலிருந்து 1, 2 என்று எண்ணுவதுதான் இங்கே சொல்லும் கட்டைக் கணக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டாகப் பாடும்போது, கீபோர்டின் நடுப்பகுதியில் 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரைக்கும்தான் சிரமமில்லாமல் நிற்பார்கள். நான்கு முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடு 1 கட்டையிலிருந்து அடுத்த ஸ்தாயியின் (அதற்கு மேலுள்ள சுர அடுக்கின்) 2 கட்டை வரை எட்டும். தனியாகப் பாடும் ஒரு குழந்தை இதைத் தாண்டிப் போகலாம். நாற்பது பேரின் எல்லை என்பது அவர்களுள் நடுத்தரமாகப் பாடுகிறவரின் எல்லைதான்.

இப்போது மெட்டைப் பாருங்கள். அதன் ஆகக் கீழான சுரம் எது, ஆக மேலான சுரம் எது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு, ஸட்ஜத்திலிருந்து (ஸ) மேல் ஸட்ஜம் வரை போகிற மெட்டு என்றால் 1 முதல் 2 கட்டைச் சுருதி (ஸட்ஜத்தை வைக்கும் இடம்) பொருந்தும். கீழ்ப் பஞ்சமத்தில் (ப) தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடுகிற மெட்டுக்கு 4 கட்டை வையுங்கள். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் காந்தாரம் (க) வரை ஓடுகிற மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தச் சுருதியில் வைத்தாலும் குழுவுக்குள் அடங்காது. சுருதியை ஏற்றினால் மேலே கத்துவார்கள், இறக்கினால் கீழே குரலே வராது. அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள்.

திரைப்பாட்டுகளில் சறுக்குவதும் இங்கேதான். பாடகர் 1 கட்டையில் பாடிய பாட்டு என்றால், அவருடைய ஸட்ஜம் பிள்ளைகளின் குரலுக்கு எட்டாத பள்ளத்தில் கிடக்கும். ஒரு ஸ்தாயி மேலே தூக்கினாலோ சரணத்தின் உச்சி கீச்சிடலாகிவிடும். பாடகி ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடியது பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய ஸட்ஜம் நடு 1 கட்டைக்கும் கீழே இருப்பதால், அந்தச் சுருதியில் கீழ்ப் பஞ்சமம் வந்தாலே பாதிப் பேர் உதட்டை மட்டும் அசைப்பார்கள்.

கரோக்கித் தடம் வைத்துப் பாடினால் இந்தச் சிக்கல் இன்னும் இறுகும். தடத்தின் சுருதியைக் கைபேசிச் செயலியில் அரைக் கட்டை, ஒரு கட்டை மாற்றலாம். அதற்கு மேல் போனால் வாத்தியங்களின் ஒலி கெட்டுப்போகும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிள்ளைகள் ஒரு வரியைத் தவறவிட்டால் தடம் அவர்களுக்காக நிற்காது. மேடையில் அவர்கள் பக்கம் திரும்பிய ஒரு ஸ்பீக்கர் இல்லாவிட்டால், அரங்கின் பின்சுவரில் மோதித் தாமதமாக வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டு பாடுவார்கள். ஒவ்வொரு வரியும் பின்தங்கும். ஒரு கீபோர்டு, ஒரு மிருதங்கம் அல்லது தபேலா, ஒரு சுருதிப்பெட்டி இருந்தாலே குழு உயிரோடு பாடும். வாசிப்பவரால் பிள்ளைகளோடு சேர்ந்து மூச்சுவிட முடியும். தடத்தால் அது முடியாது.

எந்த மாதிரி மெட்டு கூட்டுக்குரலுக்கு ஏற்றது? கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) அதிகமுள்ள பாட்டு தனிக்குரலின் சொத்து. நாற்பது பேர் நாற்பது விதமாக ஒரு சுரத்தை அசைத்தால் அது கமகமாகக் கேட்காது, சுருதி விலகலாகத்தான் கேட்கும். தோடி, வராளி ராகங்களைத் தனிப்பாட்டுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, சுரங்கள் நேராக நிற்கும் மெட்டுகளுக்கு வாருங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள் இதற்கென்றே வார்த்தது போல இருப்பவை. மேனாட்டு மெட்டுகளில் அமைந்து சங்கராபரண ராகத்தின் சுரங்களில் வருபவை, அளவில் சிறியவை, கமகம் ஏறக்குறைய இல்லாதவை. பாரதியின் பாட்டுகள், கும்மி, காவடிச்சிந்து ஆகியவையும் இருக்கின்றன. கும்மியில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் அமைப்பு இருப்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாலும் கலந்துகொள்ள முடியும்.

மோகனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அதை மோகன ராகத்தில், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்கிறது. இசைத்தட்டைப் போடாமல் வாய்ப்பாட்டாகப் பாடுவதையே அது விரும்புகிறது. ஆகவே விழாவின் முதல் பாட்டு எப்படியும் உங்கள் சேர்ந்திசைக் குழுவினுடையது. பிள்ளைகளின் காதில் மோகனம் ஏற்கெனவே குடியிருக்கிறது. இன்னொரு மோகனப் பாட்டை எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு குரலாகப் பாட வைக்க ஆசைப்படுகிறீர்கள் என்றாலும் மோகனத்தில் தொடங்குவதே நல்லது. அதில் மத்தியமமும் நிஷாதமும் இல்லாததால் அரைச்சுர இடைவெளி எங்கும் வராது. எனவே மெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலும் காதைக் குத்தாது. ஒரு குழு பல்லவியைத் தொடங்கட்டும், ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) கழித்து அடுத்த குழு அதே பல்லவியைத் தொடங்கட்டும். சுத்த சாவேரியிலும் மத்தியமாவதியிலும் இதைச் செய்யலாம். அதற்கும் முந்திய படி, ஒரு குழு ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் இழுத்துப் பிடிப்பது, மற்றக் குழு மெட்டைப் பாடுவது. இவற்றைத் தாண்டாமல் மூன்று, நான்கு குரல் அமைப்புக்கு நேரடியாகப் போகாதீர்கள். முதல் வருடக் குழு மேடையில் ஒரே குரலுக்குத் திரும்பிவிடும், அதுவும் யார் சத்தமாகப் பாடுகிறார்களோ அவர்களின் குரலுக்கு.

ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களைக் குரல் உடைந்துவிட்டது என்று குழுவிலிருந்து நீக்குகிறார்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லிக் கேளுங்கள், பேச்சுக்குரல் இறங்கியிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். இறங்கியவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஐந்தாறு சுரங்கள்தாம் உறுதியாக நிற்கும். அந்த ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்குகிற, இழுத்துப் பிடிக்கும் ஆதாரக் குரலையோ திருப்பிப் பாடும் ஒற்றை வரியையோ அவர்களிடம் கொடுங்கள். மேல் ஸ்தாயிக்கு இழுத்தால் தொண்டை நோகும், வெட்கமும் சேரும். அப்புறம் பாட்டுப் பக்கமே வர மாட்டார்கள்.

சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களைப் பற்றியும் ஒரு சொல். பாட்டை எடுக்கும் முன் வாய்விட்டுப் படித்து, ஒரு வரி எத்தனை விநாடி போகிறது என்று பாருங்கள். ஏழு விநாடிக்கு மேல் மூச்சுவிட இடமில்லாத வரியைச் சிறு பிள்ளைகள் நடுச்சொல்லில் உடைப்பார்கள், பொருள் சிதறும். மூச்சுவிடும் இடத்தைத் தாளில் கோடு போட்டுக் கொடுங்கள். ல, ள, ழ மூன்றும் விரைந்த நடையில் கூட்டத்தோடு கரைந்துவிடுவதால், அவை அடுத்தடுத்து வரும் பாட்டு என்றால் காலப்பிரமாணத்தை (வேகத்தை) குறைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பதற்றத்தில் எந்தக் குழுவும் கொஞ்சம் வேகமெடுக்கும். அதற்கும் சேர்த்தே ஒத்திகையின் வேகம் இருக்கட்டும்.

எத்தனை பாட்டு என்பது எளிய கணக்கு. வாரத்துக்கு 40 நிமிடப் பீரியடு இரண்டு வீதம் எட்டு வாரத்துக்குப் பதினாறு. மூன்று நிமிடப் பாட்டு ஒன்று நெஞ்சில் பதிய நான்கு பீரியடாவது வேண்டும். மேடை ஒத்திகைக்கு நான்கை ஒதுக்கினால் மூன்று புதிய பாட்டு. ஏழு பாட்டு கேட்பவர்கள் அந்தப் பீரியடுகள் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாகத் தெரிந்த பாட்டை முதலில் வையுங்கள், கடினமானதை இரண்டாவதாக. சுறுசுறுப்பான பாட்டோடு முடியுங்கள். நடனம் முடித்து மூச்சுவாங்க வரும் பிள்ளைகளை உடனே சேர்ந்திசையில் நிறுத்தினால் வரிகள் கால்வாசியில் அறுபடும். சேர்ந்திசையை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு ஒப்பனை போட்டுக்கொண்ட பிள்ளை இரவு ஒன்பது மணிக்குச் சுருதியில் நிற்காது.

கையில் பிடிக்கும் மைக்கை முன்வரிசைக்குக் கொடுத்தால் நான்கு பேர் பாட்டும் முப்பத்தாறு பேர் நடிப்பும்தான் கேட்கும். குழுவுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னால், கடைசி வரிசையின் தலைக்குச் சற்று மேலான உயரத்தில் தள்ளியிருந்தே ஒலியை வாங்கும் கண்டென்சர் மைக் இரண்டு நிறுத்தச் சொல்லுங்கள். பெரிய ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஊளையிடும்.

காப்புரிமை பற்றிப் பலருக்கு அச்சம் இருக்கிறது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பள்ளியின் நடவடிக்கைகளுள் ஒன்றாக மாணவர்களும் ஆசிரியர்களும் பாடி, பெற்றோரும் பள்ளியோடு தொடர்புடையவர்களும் மட்டும் கேட்கும் நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றுவதை அந்த விலக்கோடு சேர்த்து எண்ணக் கூடாது. பாரதியின் எழுத்து இப்போது பொதுச்சொத்து. ஆனால் அவர் பாட்டுக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு வேறு ஒருவரின் உரிமையாக இருக்கலாம்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு. அக்டோபர் இறுதிக்குள் பாட்டுப் பட்டியல் முடிவாகட்டும். அதற்கு முன் குரல் பார்க்க இசையாசிரியருக்கு இரண்டு பீரியடு கொடுங்கள். பட்டியலில் உள்ள எந்தப் பாட்டையும் "இது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது" என்று விலக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். விழாக் குழுவின் முதல் கூட்டத்துக்கே அவரை அழையுங்கள்.

அன்புடன்,
பள்ளி இசையாசிரியர்கள் சிலர்