திகில் கதையைப் பாடமாக வைப்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

திகில் கதையையும் அறிவியல் புனைவையும் பல்கலைக்கழகத்தில் தனிப் பாடமாக வைக்கும்போது, நூல்களை ஆண்டு வரிசையில் அடுக்கிவிடுவது எளிது. 1764, 1818, 1897 என்று நடத்திக்கொண்டே போய், முடிவில் ஒரு கட்டுரை வாங்கினால் பருவம் முடிந்துவிடும். மாணவருக்கு வரலாறு கிடைக்கும். ஒரு பக்கம் எப்படி வயிற்றைக் கலக்குகிறது என்பது கடைசிவரை பிடிபடாது. இந்தப் பாடத்தின் நடுவில் எழுத்துப் பட்டறைதான் இருக்க வேண்டும். வரலாறும் ஆய்வும் அதற்குத் துணையாக வரட்டும்.

முதல் வாரத்திலேயே உணர்ச்சிகளைப் பிரித்துக் காட்டிவிட வேண்டும். ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்க்ளிஃப் இறந்த பிறகு, 1826-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, உள்ளத்தை விரித்துப் புலன்களை விழிக்கவைக்கும் அச்சத்தையும், சுருக்கி உறையவைக்கும் அச்சத்தையும் வேறு வேறாகப் பார்க்கிறது. தமிழ் படித்தவர்களிடம் இதைவிட நுட்பமான கருவி இருக்கிறது. உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றிய தொல்காப்பியப் பகுதியான மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்ற நான்கைச் சொல்கிறது. இளிவரலை, அதாவது அருவருப்பை, தனியே வைத்து மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்கிறது. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஒன்று இன்னொன்றாக மாறுவதை ஆக்கம் என்று கொண்டால் அறிவியல் புனைவின் பாதி அதற்குள் வந்துவிடுகிறது! ஒரு கதையைக் கொடுத்து இந்த மூன்றையும் மூன்று நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள். 'பயமாக இருந்தது' என்று சொன்ன பத்தியில் இளிவரல் நிறம் மட்டுமே நிறைந்திருப்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். ரத்தமும் புழுவும் முகம் சுளிக்க வைக்கும்; அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை நடுங்கவைக்காது.

பட்டறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 1,500 சொல்லில் ஒரு கதை. மூன்று நாள் முன்னதாகவே எல்லார் கைக்கும் போய்விட வேண்டும். எழுதியவர் வாய் திறக்காமல் குறிப்பெடுக்க, மற்ற பதினொரு பேரும் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினால் 33 நிமிடம். எழுதியவர் பதில் சொல்ல இன்னும் ஏழு நிமிடம் கொடுத்தால், இரண்டு மணி நேர வகுப்பில் மூன்று கதைகள் முடியும். நான்கு வகுப்பில் ஒரு சுற்று.

கேட்க வேண்டிய முதல் கேள்வி 'பயமாக இருந்ததா' என்பதல்ல. 'ஏதோ சரியில்லை என்று எந்த வரியில் தோன்றியது?' என்று கேட்டு, அந்த வரியைக் காட்டச் சொல்ல வேண்டும். பதினொரு பேரும் பதினொரு வரியைக் காட்டினால் கதைக்குப் பிடி இல்லை. எல்லாரும் முதல் வரியையே காட்டினால், இருப்பதையெல்லாம் எழுதியவர் அங்கேயே செலவழித்துவிட்டார்.

எழுதத் தொடங்குபவர்களுக்கு ஒரு பயிற்சி: ஆளில்லாத ஓர் அறையை 300 சொல்லில் எழுத வேண்டும். இருள், நிழல், அலறல், ரத்தம், பயம் ஆகிய சொற்களுக்கு இடமில்லை. அறையில் ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கக் கூடாத விதத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சறுக்கல். ஒன்று போதாதென்று கடிகாரம் பின்னால் ஓடும், படம் கண் சிமிட்டும், கதவு தானே திறக்கும். 'இந்தக் கதையில் எதுவும் நடக்கலாம்' என்று வாசகர் முடிவுகட்டிய கணத்தில் பயம் போய்விடுகிறது. பேய்க்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எழுதுகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அறிவியல் புனைவிலும் இதே கதைதான். அறிவியல் புனைவு ஆய்வாளர் டார்கோ சுவின் 1979-இல் வெளிவந்த தம் நூலில், கதையுலகை நம் உலகிலிருந்து பிரித்துவைக்கும் புதுமையை 'நோவம்' என்றார். ஒரு கதைக்கு ஒரு நோவம் போதும். அதனால் யாருக்கு வேலை போகிறது, யார் கையில் பணம் சேருகிறது, வீட்டுக்குள் எந்தப் பழக்கம் மாறுகிறது என்ற மூன்றுக்கும் விடை எழுதிய பிறகே கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் மூன்று பக்கமும் எந்திர விளக்கமாகிவிடும்.

ஆய்வில் அடிக்கடி நேரும் தவறு பதிப்பைப் பார்க்காதது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் ஆசிரியர் பெயரில்லாமல் 500 படிகள் அச்சானது. அதில் எலிசபெத் கதாநாயகனின் அத்தை மகள். 1831 பதிப்பில் எடுத்து வளர்த்த அநாதைப் பெண். விதியைப் பற்றிய பேச்சும் பிந்தைய பதிப்பில் கூடுகிறது. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் உறவையோ விதியையோ பற்றி எழுதிய அத்தியாயம் தேர்வாளரின் முதல் கேள்விக்கே நிற்காது.

பழைய மலிவு இதழ்களில் வந்த கதைகளைத் தொகுப்பு நூலில் மட்டும் படித்துவிட்டு, தொகுப்பின் ஆண்டையே கதையின் ஆண்டாகக் குறிப்பதும் நடக்கிறது. மூல இதழைத் தேடி, விளம்பரம், ஓவியம், வாசகர் கடிதம் உட்பட முழுப் பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். கதை யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதற்கான சான்று அங்கேதான் இருக்கிறது. அந்த இதழ்களின் மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் அதைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கின்றன. கை கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் தொடுங்கள். துணிக் கையுறை வேண்டாம். விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழியும். இதழை மல்லாக்க விரிக்காமல், இருபுறமும் தாங்கல் வைத்துப் பாதியளவு திறந்தால் போதும்.

மதிப்பெண்ணை முதல் வரைவுக்குக் கொடுக்காதீர்கள். திருத்திய படிக்கும், எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்ற 500 சொல் குறிப்புக்கும் கொடுங்கள். முதல் வரைவுக்கே மதிப்பெண் என்றால் எவரும் துணிந்து எழுத மாட்டார்கள். வன்முறை, தற்கொலை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை எந்தெந்தப் பாடநூலில் வருகிறது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒரு நூலைப் படிக்க இயலாது என்று சொல்லும் மாணவரிடம் காரணம் கேட்காமல், அதே கடினமுள்ள வேறொரு நூலைக் கொடுக்க வேண்டும். அந்த மாற்று நூல்களின் பட்டியல், வகுப்பு தொடங்கும் முன்பே தயாராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
புனைவிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள்